செக்ரோலில் ஏறாத காய்ச்சல்

நோயைக் கண்காணிக்க இன்று கம்ப்யூட்டர் வந்துவிட்டது. கிளினிக்கில் இருக்கும் டாக்டர் ஒரு நோயாளியின் விவரத்தைத் தட்டிவிட்டால் போதும். அடுத்த நிமிடம் அது மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிகிறது. அங்கிருந்து மாநிலத்துக்கும், புத்ராஜெயாவுக்கும் போய்ச் சேருகிறது. நம் நாட்டில் இதற்கு இ-நோட்டிஃபிகாசி என்று பெயர். கொள்ளை நோய் வந்தால் நாட்டை ஆயத்தப்படுத்த சுகாதார அமைச்சில் தனி மையமும் இருக்கிறது. 2007ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த அனைத்துலகச் சுகாதார விதிகளின்படி, ஓர் ஆபத்தான செய்தி கிடைத்தால் நாடுகள் அதை 48 மணி நேரத்துக்குள் எடைபோட வேண்டும். உலகத்தைப் பாதிக்கக் கூடியது என்று கண்டால் 24 மணி நேரத்துக்குள் உலகச் சுகாதார நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும்.

இவை நல்ல ஏற்பாடுகள். இவற்றைக் குறை சொல்ல நாம் வரவில்லை. வருமுன் காக்க வேண்டும் என்பதை நமக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. மலேரியாவுக்கு வாரிக் கொடுத்த தலைமுறையின் பேரப் பிள்ளைகள் நாம்.

நாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். தோட்டத்து லயத்தில் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால், அது அந்தக் கம்ப்யூட்டருக்கு எப்போது தெரிகிறது?

நான்கு நாள் போன கதை

கணக்குப் போட்டுப் பார்ப்போம். திங்கட்கிழமை விடியற்காலை ஒரு தொழிலாளிக்கு உடம்பு சுடுகிறது. பெரட்டுக்குப் போகாவிட்டால் பேர் விழாது. இரண்டு பெனடோல் மாத்திரையை விழுங்கிவிட்டு நிரைக்குப் போகிறான். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. புதன்கிழமை எழுந்திருக்க முடியவில்லை. அப்போதும் கிளினிக்குக்குப் போகவில்லை. கிளினிக் டவுனில் இருக்கிறது, பஸ் இல்லை, வண்டி பிடித்தால் அன்றைய கூலிக்குச் சமமாகக் கேட்கிறார்கள். வியாழக்கிழமை யாரோ ஒரு தோழர் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகிறார். டாக்டர் இரத்தம் எடுக்கிறார். டிங்கி என்று தெரிகிறது. உடனே கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார். ஒரு நிமிடத்தில் செய்தி போய்விட்டது!

மேலே இருப்பவர்கள் இந்த ஒரு நிமிடத்தைப் பார்த்துப் பெருமைப்படுகிறார்கள். கீழே போன நான்கு நாட்களை யார் பார்த்தார்கள்? டிங்கி கண்டவனின் இரத்தத்திலிருந்து கொசுவுக்குக் கிருமி ஏறுவது பெரும்பாலும் அந்த முதல் சில நாட்களில்தான். சுகாதார அதிகாரி புகை மருந்தோடு லயத்துக்கு வந்து சேரும்போது, கடிக்க வேண்டிய கொசு கடித்துவிட்டுப் போயிருக்கும்.

அறிக்கை போகும் வேகத்தைக் கூட்டியவர்கள், அறிக்கை புறப்படும் வேகத்தைக் கூட்டவில்லை. தபால்காரனுக்கு ஆகாய விமானம் கொடுத்துவிட்டு, கடிதம் எழுதுபவனுக்குப் பேனா கொடுக்காமல் விட்ட கதை இது.

ஒரு கேள்வி கேட்க ஆறு மாதம்

1998ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஈப்போ வட்டாரத்தில் மூளைக் காய்ச்சல் தோன்றியது. பின்னர் அது நெகிரி செம்பிலானில் சிக்காமட், சுங்கை நிப்பா, புக்கிட் பெலாண்டோக் ஆகிய இடங்களுக்குப் பரவியது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று தீர்மானித்தார்கள். கொசு மருந்து அடித்தார்கள். தடுப்பூசி போட்டார்கள். ஆனாலும் சாவு நிற்கவில்லை. 1999ஆம் ஆண்டு மார்ச் மாதம் மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமி ஒன்றைப் பிரித்தெடுத்த பிறகுதான் உண்மை வெளிப்பட்டது. சுங்கை நிப்பாவின் பெயரே அந்தக் கிருமிக்கு வைக்கப்பட்டது. நம் நாட்டில் நோய் கண்டவர்கள் 265 பேர். மாண்டவர்கள் 105 பேர். ஏறக்குறைய பத்து லட்சம் பன்றிகள் கொன்று புதைக்கப்பட்டன.

இதில் நமக்கு என்ன பாடம்? ஜப்பானிய மூளைக் காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்குவது. இங்கே விழுந்தவர்களோ பெரும்பாலும் வளர்ந்த ஆண்கள். ஒரே வீட்டில் ஒரே கொசுக்கடியில் கிடந்த பிள்ளைகள் நன்றாக இருக்க, பன்றிப் பண்ணையில் வேலை செய்தவர்கள் விழுந்தார்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். அவர்களுக்கு முன்பே பன்றிகள் இருமி இருமி நோயில் கிடந்தன. பண்ணைக்காரனுக்கும் கூலிக்காரனுக்கும் கண்ணெதிரே தெரிந்த சேதி அது. ‘நீ என்ன வேலை செய்கிறாய்? உன்னோடு வேலை செய்பவர்களில் வேறு யாருக்குக் காய்ச்சல்?’ என்ற கேள்விக்கு முதல் மாதத்திலேயே முதல் இடம் கொடுத்திருந்தால், கொசுவைத் துரத்திக்கொண்டு அத்தனை மாதங்களை இழந்திருக்க வேண்டியதில்லை.

நோயைக் கண்டுபிடிப்பது விஞ்ஞானியின் வேலை. நோய் எங்கே நிற்கிறது என்று காட்டுவது தொழிலாளியின் வாய். அந்த வாயை மூடிவிட்டு எந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் அதில் பழைய கணக்குதான் தெரியும்.

பெயர் தவறினால் கணக்கும் தவறும்

இன்னொன்றும் சொல்வோம். 2018ஆம் ஆண்டு முதல் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா உள்நாட்டில் இல்லை என்ற நிலையை நம் நாடு அடைந்தது. பெரிய சாதனை, மறுப்பவர் யார்? ஆனால் குரங்கிடமிருந்து கொசு வழியாக வரும் நோலெசி என்ற மலேரியா இருக்கிறது. அது ஆண்டுக்கு ஆயிரக்கணக்கானோரைப் பிடித்த ஆண்டுகள் உண்டு, உயிரையும் வாங்குகிறது. அது யாரைப் பிடிக்கிறது? காட்டிலும் காட்டோரத்திலும் வேலை செய்பவனை, தோட்டத்தில் பாடுபடுபவனை. அந்தக் கொசு மாலை மயங்கும் நேரம் முதல் வெளியே கடிப்பது. வீட்டுக்குள் கட்டும் கொசுவலை அதைத் தடுக்காது. அந்தக் கிருமியோ 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுவது. மற்ற மலேரியாவைப் போல இரண்டு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் ஆளையே முடித்துவிடும்.

இந்த நோய் எத்தனை காலம் வேறு பெயரில் ஏட்டில் கிடந்தது என்று நினைத்துப் பாருங்கள். சரவாக்கின் காப்பிட் வட்டாரத்தில் பேராசிரியர் பல்பீர் சிங்கும் அவர் குழுவினரும் ஆராய்ந்து 2004இல் வெளியிட்டார்கள். சோதித்த 208 மலேரியா நோயாளிகளில் 120 பேருக்கு இருந்தது நோலெசி. பூதக்கண்ணாடியில் அது மலேரியே என்ற சாதுவான வகையைப் போலவே தோன்றும். ஆகவே சாதுவான பெயரிலேயே எழுதிவந்தார்கள். ஆட்கள் மட்டும் சாதுவாக இல்லாமல் கடுமையாக நோயுற்றார்கள்.

ஏட்டில் எழுதிய பெயர் தவறினால், அந்த ஏட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் தவறு திருந்திவிடுமா? தவறும் வேகமாகப் போகும், அவ்வளவுதான்.

கண் போகாத இடம்

2019ஆம் ஆண்டு கிளந்தான் குவா மூசாங் மாவட்டத்தில் கோல கோ என்ற ஓராங் அஸ்லி கிராமத்தில் பாத்தேக் மக்கள் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். சிலரைச் சொந்தக்காரர்களே காட்டில் அடக்கம் செய்தார்கள். நாட்டுக்குச் செய்தி தெரிய ஜூன் மாதம் ஆயிற்று. மார்ச் சளி என்றார்கள். சுரங்கத்தின் நஞ்சு என்றார்கள். கடைசியில் தட்டம்மை என்று சுகாதார அமைச்சு அறிவித்தது. தடுப்பூசி இருக்கும் நோய்! அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இருக்கும் நோய்! மின் முறையும் அப்போது இருந்தது. அந்தக் கிராமத்தின் சாவு அதில் நேரத்துக்கு ஏறவில்லை, அவ்வளவுதான்.

காட்டுக்குள் இருப்பவனுக்கு நேர்ந்தது தோட்டத்துக்குள் இருப்பவனுக்கு நேராது என்று யார் உறுதி கொடுப்பார்?

பயந்தவன் வாய் திறப்பானா?

கோவிட் காலத்தை மறந்துவிட்டோமா? ஆவணம் இல்லாத தொழிலாளிகளும் அஞ்சாமல் பரிசோதனைக்கு வரலாம், கைது செய்ய மாட்டோம் என்று 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் அரசாங்கம் சொன்னது. மே மாதம் முதல் தேதி கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் குடிநுழைவு அதிகாரிகள் புகுந்து நூற்றுக்கணக்கானோரைப் பிடித்து வண்டியில் ஏற்றினார்கள். நோய் இல்லாதவர்களைத்தான் பிடித்தோம் என்று விளக்கம் வந்தது. அந்த மாதம் முடிவதற்குள் தடுப்பு முகாம்களில் நோய் பரவியது. அந்த நாளுக்குப் பிறகு, இருமல் வந்தவன் கிளினிக்கை நோக்கி நடந்திருப்பானா, காட்டை நோக்கி நடந்திருப்பானா?

அதே ஆண்டு நவம்பரில் கிள்ளான் மேருவில் கையுறைத் தொழிலாளர் விடுதிகளில் நோய் வெடித்தது. 28 தொழிற்சாலைகளைக் கட்டங்கட்டமாக மூட உத்தரவு பிறந்தது. உலகத்தின் கைகளை நோயிலிருந்து காக்கும் ரப்பர் கையுறையைச் செய்தவர்கள், ஒரே அறையில் அடுக்கடுக்காகப் படுத்து நோய் வாங்கினார்கள்! கைத்தொலைபேசியில் மைசெஜாத்திரா இருந்தது. படுக்கைக்கும் படுக்கைக்கும் இடையே இடம் இருந்ததா?

ஜோகூர் பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் வசதிக்கும் கருவிக்கும் குறைவில்லை. அங்கே விடுதிகளில் இருந்த 323,000 வெளிநாட்டுத் தொழிலாளரில், நோய் கண்ட நேரத்தில் சோதனையில் பிடிபட்டவர்கள் ஏறத்தாழ 54,500 பேர். 2020 டிசம்பரில் இரத்தச் சோதனைக் கணக்கையும் சேர்த்துச் சொன்னபோது, நோய் வந்து போனவர்கள் 152,000க்கும் மேல் என்று தெரிந்தது. மூன்றில் ஒருவர் கணக்கில். இருவர் கணக்குக்கு வெளியே. அத்தனை கண் உள்ள ஊரிலேயே இப்படி!

‘வெளிநாட்டுக்காரன்தானே நோயைக் கொண்டுவருகிறான்?’ என்று நம்மில் சிலரே பேசுகிறார்கள். அந்தத் தோழர்களுக்குச் சொல்கிறோம்: நம் பாட்டனும் ஒரு நாள் கப்பலில் வந்து இறங்கி, தொற்று நோய் முகாமில் அடைபட்டு, ‘கூலி நோய் கொண்டுவருகிறான்’ என்ற பேச்சைக் கேட்டவன்தான். இன்று நம் பக்கத்து நிரையில் மரம் வெட்டும் இந்தோனேசியத் தோழனும் வங்காளதேசத் தோழனும் பயத்தால் காய்ச்சலை மறைத்தால், அவனைக் கடித்த கொசு பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டா நம் வீட்டுக்கு வரும்?

சட்டம் ஏட்டில், சுரைக்காய் எங்கே?

1988ஆம் ஆண்டு தொற்று நோய்த் தடுப்புச் சட்டத்தின் 10ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். அறிவிக்க வேண்டியவர் டாக்டர் மட்டுமல்ல. நோயாளி இருக்கும் வீட்டில் வாழும் பெரியவர் எவரும், நோயாளியோடு இருப்பவர் எவரும், தெரிந்தவுடன் சுகாதார அலுவலகத்திலோ, அரசாங்க மருத்துவ நிலையத்திலோ, போலீஸ் நிலையத்திலோ, கிராமத் தலைவரிடமோ சொல்ல வேண்டும். நல்ல சட்டம். ஆனால் இதை எந்தத் தோட்டத்தில், எந்தப் பெரட்டில், எந்த மொழியில் யார் நமக்குச் சொன்னார்கள்? தோட்டத்தில் கிராமத் தலைவர் யார்? மண்டோரா? மானேஜரா? மானேஜரிடம் போய் ‘என் லயத்தில் நாலு பேருக்குக் காய்ச்சல்’ என்று சொன்னால், அவர் சுகாதார அலுவலகத்தை அழைப்பாரா, ‘வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறாயா?’ என்பாரா?

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தீபகற்பத்துத் தொழிலாளிக்கு நோய் விடுப்பு கொடுக்கிறது. இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாள். ஐந்தும் அதற்கு மேலும் 22 நாள். ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள். சம்பளத்தோடு! ஆனால் டாக்டரின் எம்.சி. வேண்டும், 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும், இல்லையென்றால் சொல்லாமல் நின்றதாகக் கணக்கு. டாக்டரே எட்டாத இடத்தில் இருப்பவனுக்கு எம்.சி. எப்படிக் கிடைக்கும்? காண்டிராக்டர் பெயரில் வெட்டுபவனுக்கு முதலாளி யார்? இன்று ரப்பரில் பெரும் பங்கு சிறு தோட்டக்காரர் கையில் இருக்கிறது. அங்கே பங்குக்குப் பால் வெட்டுபவனுக்கு விடுப்புக் கொடுப்பவர் யார்? மரமா?

நோய் விடுப்பைத் தொழிலாளிக்குக் கொடுக்கும் சலுகை என்று முதலாளிமார் நினைக்கிறார்கள். அது சலுகை அன்று. நாட்டின் நோய்க் கண்காணிப்பில் அதுதான் முதல் கருவி. கூலி போகாது என்று தெரிந்தால்தான் ஒருவன் முதல் நாளே காய்ச்சலைச் சொல்வான். முதல் நாள் சொன்னால்தான் கம்ப்யூட்டருக்கு வேலை.

‘இப்படிக் கொடுத்தால் எல்லாரும் காய்ச்சல் என்று படுத்துவிடுவார்கள்’ என்பது நிர்வாகத்தின் பழைய பாட்டு. நாம் பதில் சொல்கிறோம்: பொய்க் காய்ச்சல் ஒரு நாள் கூலியைத் தின்னும். மறைத்த காய்ச்சல் தோட்டத்தையே மூடும். 28 தொழிற்சாலை மூடியதைப் பார்த்த பிறகும் எது லாபம், எது நஷ்டம் என்று கணக்குத் தெரியவில்லையா?

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை

ஆபீஸ் கிராணித் தோழர்களே! உங்கள் கையில் இருக்கும் செக்ரோலை என்னவென்று நினைக்கிறீர்கள்? சம்பளக் கணக்கு என்றுதானே? காலை விடிவதற்குள், யார் வந்தார், யார் வரவில்லை என்று நாள்தோறும் ஆளுக்கு ஆள் எழுதிவைக்கும் ஏடு இந்த நாட்டில் வேறு எத்தனை இடத்தில் இருக்கிறது? ஒரே லயத்தில் திங்கட்கிழமை ஒருவர், செவ்வாய்க்கிழமை மூவர், புதன்கிழமை ஆறு பேர் வரவில்லை என்றால், எந்த இரத்தச் சோதனைக்கும் முன்பே அந்த ஏடு கூவுகிறது. ஆனால் அதில் ‘ஆப்சென்ட்’ என்று ஒரே குறிதான் விழுகிறது. காய்ச்சலில் கிடந்தவனும் கல்யாண வீட்டுக்குப் போனவனும் ஒரே குறி!

‘காய்ச்சல்’ என்று ஒரு பத்தி கூடுதலாகப் போட எவ்வளவு மை செலவாகும்? ஒரு லயத்தில் இத்தனை பேருக்கு மேல் காய்ச்சல் என்றால் அன்றே மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிப்பது என்று வைத்தால் எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஆள் பெயர் வேண்டாம். எண்ணிக்கையும் இடமும் போதும். 1965ஆம் ஆண்டு சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற மருத்துவ உதவியாளர்கள் தோட்டங்களுக்கென்றே இருந்தார்கள். நாம் டிரெஸ்ஸர் என்று அழைத்தவர்கள் அவர்களே. டிரெஸ்ஸர் லயத்தில் நடந்து போனாலே எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அவருக்குத் தெரியும். தோட்ட ஆஸ்பத்திரிகளை ஒவ்வொன்றாக மூடியபோது, அந்தக் கண்களையும் சேர்த்தே மூடினார்கள்.

நாம் கேட்பது

ஆகவே நாம் வெளிப்படையாகக் கேட்கிறோம்.

முதலாவது: காய்ச்சல் என்று சொன்ன முதல் நாளுக்குக் கூலி போகக் கூடாது. ஊக்கத்தொகை இருக்கும் இடத்தில் அதுவும் வெட்டுப்படக் கூடாது. காண்டிராக்ட் ஆளுக்கும் இதுவே நியாயம்.

இரண்டாவது: நோய் அறிவிப்பில் ‘தொழில்’ என்ற இடத்தில் வெறுமனே ‘தொழிலாளி’ என்று எழுதித் தள்ளக் கூடாது. பால் வெட்டுபவரா, மருந்து அடிப்பவரா, பழக்குலை வெட்டுபவரா, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று எழுத வேண்டும். நிப்பா கற்பித்த பாடம் இது.

மூன்றாவது: தோட்டத்திலிருந்து நேரே சுகாதார அலுவலகத்துக்குச் சொல்ல வழி வேண்டும். மானேஜரின் அனுமதிக்குக் காத்திருக்கக் கூடாது. சொன்ன கிராணிக்கோ தொழிலாளிக்கோ வேலைக்கு உலை வைக்கக் கூடாது.

நான்காவது: சுகாதாரக் கணக்கு குடிநுழைவு இலாகாவுக்கும் போலீசுக்கும் போகக் கூடாது. மருந்து கொடுக்கும் கையும் விலங்கு போடும் கையும் ஒன்றானால், மருந்தை யாரும் வாங்க மாட்டார்கள்.

ஐந்தாவது: மேலே போன கணக்கு கீழேயும் வர வேண்டும். நம் வட்டாரத்தில் இந்த வாரம் என்ன நோய், எத்தனை பேருக்கு, நாம் செய்ய வேண்டியது என்ன என்று பெரட்டுக் களத்தில், தமிழிலும் மலாயிலும் வங்காளியிலும் அறிவிப்பு ஒட்ட வேண்டும். கொடுத்தவனுக்குத் திரும்பி வராத கணக்கை அவன் மறுமுறை கொடுக்க மாட்டான்.

இவற்றில் எதற்கும் கோடி கோடியாகப் பணம் வேண்டியதில்லை. வேண்டியது, தொழிலாளியின் சொல்லுக்கு மதிப்புக் கொடுக்கும் மனம்.

தோழர்களே! நம் பங்கும் இருக்கிறது. காய்ச்சலை மறைக்காதீர்கள். பக்கத்து வீட்டில் இருவர் படுத்தால் அடுத்த கிளைக் கூட்டம் வரைக்கும் காத்திராமல் கிளைச் செயலாளரிடம் அன்றே சொல்லுங்கள். டாக்டரிடம் போனால் அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: ‘நான் தோட்டத்தில் வேலை செய்கிறேன், காட்டோரத்தில் நிரை, அங்கே குரங்கு உண்டு, எலி உண்டு, என்னோடு இன்னும் மூவருக்குக் காய்ச்சல்.’ அந்த நான்கு வாக்கியம் ஓர் உயிரைக் காக்கலாம். ஒரு வட்டாரத்தையே காக்கலாம்.

அடுத்த கொள்ளை நோய் எங்கே தொடங்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அது புத்ராஜெயாவின் குளிரூட்டிய அறையில் தொடங்காது. ஒரு பண்ணையில், ஒரு விடுதியில், ஒரு லயத்தில், அதிகாலை இருட்டில் உடம்பு சுடச் சுட வேலைக்குக் கிளம்பும் ஒருவனிடம்தான் தொடங்கும். ‘இன்று போகாதே, உன் கூலிக்கு நாங்கள் பொறுப்பு’ என்று அவனிடம் சொல்லும் நாடு தப்பிக்கும்.

நம் நாடு சொல்லுமா? சொல்ல வைப்போம்.